ஜார்ஜியன் வீடுகளில் விடுபட்ட பெயர்கள்: டப்ளின் மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

டப்ளின் மாநகர மன்ற உறுப்பினர்களுக்கும், நினைவுப் பலகைகளுக்கு அனுமதி தரும் குழுவினருக்கும், பாரம்பரியப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மவுன்ட்ஜாய் சதுக்கத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழன் நான். அயர்லாந்துக் குடியுரிமை இன்னும் வாங்கவில்லை. இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட அது தேவையும் இல்லை, இங்கே குடியிருந்தால் போதும். ஆக, உங்களில் யாரோ ஒருவர் என் ஓட்டையும் வாங்கித்தான் மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஆங்கிலப் படி ஒன்று உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், வேலைக்கும் படிப்புக்கும் வந்து இதே பழைய வீடுகளின் மாடியறைகளில் தங்கியிருக்கும் எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்பதுதான்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியன் தெருக்களிலும் சதுக்கங்களிலும் ஒண்டுக்குடித்தனங்களாக இருந்த வீடுகளின் வாசலில், 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருந்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். கட்டிய பிரபுவின் பெயர் இருக்கட்டும். பின்னால் வந்த கவிஞரின் பெயரும் இருக்கட்டும். பல வீடுகளில் அவர்கள் எல்லாரையும்விட அதிக காலம் இருந்தவர்கள் யாரோ, அவர்கள் பெயரும் வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். 1714 முதல் 1830 வரை பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு அரசர்கள் வரிசையாக ஆண்டார்கள். அந்தக் காலத்தில் எழுந்த செங்கல் வீடுகளுக்குத்தான் ஜார்ஜியன் என்று பெயர். ஒன்றோடொன்று ஒட்டி, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே முகமாக நிற்கும். முகப்பில் அலங்காரம் குறைவு. கதவும், கதவுக்கு மேல் விசிறிபோல் விரிந்த கண்ணாடியும்தான் பகட்டு. கீழே உயரமான ஜன்னல்கள், மேலே போகப் போகக் குட்டையாகிக்கொண்டே போகும். விருந்தினர் எங்கே உட்காருவார்கள், வேலைக்காரர்கள் எங்கே படுப்பார்கள் என்பதைத் தெருவில் நின்றபடியே ஜன்னலின் உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். டப்ளின் கதவுகள் என்று விமான நிலையத்தில்கூட போஸ்டரும் காந்த வில்லையும் விற்கிறார்களே, அந்தக் கதவுகள் இந்த வீடுகளுடையவைதான்.

மெரியன் சதுக்கத்தில் ஒரு சுற்று நடந்தால் பலகைகளுக்குக் குறைவில்லை. 1-ம் எண் வீட்டில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் குடும்பம். 58-ல் கத்தோலிக்கர் உரிமைக்குப் போராடிய தலைவர் டேனியல் ஓ'கானல். 82-ல் 1920-களில் கவிஞர் யேட்ஸ். எல்லாரும் தகுதியானவர்கள், சந்தேகமே இல்லை. கொஞ்சம் தள்ளி, அப்பர் மெரியன் தெருவில் 24-ம் எண், மார்னிங்டன் பிரபுவின் வீடு. இன்று ஐந்து நட்சத்திர ஹோட்டலின் ஒரு பகுதி. வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லி 1769-ல் பிறந்தது இங்கேதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அவருடைய அண்ணன் ரிச்சர்ட், 1798 முதல் 1805 வரை இந்தியாவில் கவர்னர் ஜெனரல். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய படையில் தம்பி இருந்தார். அதே ஆண்டு கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள், 1801-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களை. ஆற்காட்டு நவாப் வசமிருந்த கர்நாடகச் சீமை முழுவதும் கும்பெனிக்குப் போனதும் அந்த 1801-ல்தான். எல்லாம் அண்ணன் ஆட்சியில். அந்த ஹோட்டலைத் தாண்டும்போது பாஞ்சாலங்குறிச்சி நினைவு வராத தமிழன் இருந்தால், அவன் பள்ளிக்கூடத்தில் வரலாற்று வகுப்பை மட்டம் போட்டவன் என்று அர்த்தம்.

இதைப் புகாராகச் சொல்லவில்லை. ஒரு வீட்டின் கதை அந்த வீட்டுச் சுவரோடு முடிந்துவிடாது என்பதற்குச் சொன்னேன். அதே 1801-ன் முதல் நாள்தான் அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைத்ததில் அதன் சொந்த நாடாளுமன்றமும் இல்லாமல் போனது. காலேஜ் கிரீனில் இருந்த அந்தக் கட்டடத்தை வங்கிக்கு விற்றார்கள். மறுபடி யாரும் உள்ளே கூடி விவாதம் நடத்த முடியாதபடி மாற்றிக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு விற்றார்கள். கூட்டத்தொடருக்காக டப்ளினில் வீடு வைத்திருந்த பிரபுக்களுக்கு இனி லண்டனில்தான் வேலை. ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் வக்கீல்களும் மருத்துவர்களும் வந்தார்கள். அப்புறம் அவர்களும் போனார்கள்.

எங்கே போனார்கள் என்பது முக்கியம். தெற்கே ராத்மைன்ஸ், பெம்புரோக் என்று தனி நகராட்சிகள் 19-ம் நூற்றாண்டின் நடுவில் உருவாயின. கால்வாயைத் தாண்டி அங்கே குடிபோனவர்கள் பகலில் டப்ளினில் சம்பாதித்தார்கள், வரியை மட்டும் தங்கள் ஊரில் கட்டினார்கள். 1930 வரை இப்படித்தான். 1840-களின் பெரும் பஞ்சத்தில் கிராமத்தை விட்டு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் நகரத்துக்குள் நெருங்க, அவர்களைக் கவனிக்க வேண்டிய மன்றத்தின் கஜானாவில் காசு இல்லை. லிஃபி நதிக்கு வடக்கே பெரிய பெரிய வீடுகள் காலியாகக் கிடந்தன. அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டால் நல்ல லாபம் என்று சிலருக்குப் புரிந்தது.

ஹென்ரியட்டா தெரு 14-ம் எண்ணை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கட்டாயக் கையகப்படுத்தல் மூலம் வாங்கி, பல ஆண்டுகள் பழுதுபார்த்து, 2018-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது நீங்கள்தான். அதற்கு முழு மனதோடு நன்றி. ஆனால் அந்த வீட்டின் காலவரிசையை ஒரு முறை கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

லூக் கார்டினர் என்ற வங்கிக்காரர் 1720-களில் போட ஆரம்பித்த தெரு அது. பேராயர்களும் பிரபுக்களும் குடியிருந்த தெரு. 14-ம் எண் 1740-களின் கடைசியில் எழுந்தது. முதலில் குடிவந்தவர் மோல்ஸ்வர்த் பிரபு. ராமில்யே போர்க்களத்தில் ஆங்கிலேயத் தளபதி மார்ல்பரோ கோமகனின் உயிரைக் காப்பாற்றியவர் என்று பெயர் பெற்றவர். நாடாளுமன்றம் போனதும் பிரபுக்களின் காலம் முடிந்தது, வக்கீல்கள் வந்தார்கள். 1850-களில் அந்த வீடு ஒரு நீதிமன்றம். சாதாரண நீதிமன்றம் இல்லை. பெரும் பஞ்சத்தில் கடனில் மூழ்கிய ஜமீன்களை ஏலத்துக்குக் கொண்டுவந்து தீர்த்துவைக்கும் நீதிமன்றம். பஞ்சத்தில் குடியானவன் செத்தான், பிழைத்தவன் கப்பலேறினான், அவனிடம் குத்தகை வாங்கிய ஜமீன்தார் தன் சொத்தை விற்க இந்த வீட்டுப் படியேறினார். அதற்கப்புறம் சில ஆண்டுகள் படைவீரர்கள் இருந்தார்கள். 1877-ல் தாமஸ் வான்ஸ் என்பவர் கைக்கு வந்தது. அவர் பிரமாண்டமான படிக்கட்டைப் பெயர்த்து எறிந்துவிட்டு, வீட்டை 19 குடித்தனங்களாகத் தடுத்தார். 1911-ல் அந்த ஒரு வீட்டில் 100 பேர். கடைசிக் குடித்தனம் காலி செய்தது 1979-ல்.

பிரபுக்கள் இருந்தது சுமார் 50 ஆண்டு. ஏழைகள் இருந்தது 100 ஆண்டுக்கு மேல். இருந்தும் அது ‘ஜார்ஜியன் வீடு’. அந்த நூறாண்டில் ஜார்ஜ் என்ற பெயரில் யாராவது உள்ளே இருந்திருந்தால், அவர் மூன்றாம் மாடிப் பின்னறையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவராகத்தான் இருந்திருப்பார்.

அந்த அருங்காட்சியகத்தில் என்னை நிறுத்திவைத்தது சுதை வேலைப்பாடு கொண்ட கூரை இல்லை. அதைப் படத்தில் பார்த்திருந்தேன். மாடிப்படிச் சுவர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இடுப்பளவுக்குக் காவிச் சிவப்பு, அதற்கு மேலே நீலம். அந்த நீலத்துக்கு ரெக்கிட் நீலம் என்று பெயர். வெள்ளைத் துணிக்குப் போடும் அதே நீலம், வேட்டிக்கு நம் வீடுகளில் போட்டோமே அதேதான். மலிவாகக் கிடைத்ததைக் கலந்து பூசியிருக்கிறார்கள். சுவரில் காலம் காலமாகக் கைபட்டுத் தேய்ந்த இடம் தெரிகிறது. பெரியவர்கள் கை ஓர் உயரத்தில், பிள்ளைகள் கை அதற்குக் கீழே. வாசல் கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்குமாம், அத்தனை குடித்தனத்தில் யார் எழுந்து வந்து பூட்டுவது? கொல்லையில் ஒரு குழாய். கழிப்பறை இரண்டோ மூன்றோ. திங்கட்கிழமை அப்பாவின் கோட்டு அடகுக்கடைக்குப் போகும், சனிக்கிழமை கூலி வந்ததும் திரும்பி வரும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுக்கொள்ள. வடசென்னையில் வளர்ந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, ஒரு வீட்டை அருங்காட்சியகமாக்கியாயிற்று. அதற்கு வெளியே? அதே தெருவில் 1911-ல் 15 வீடுகளில் 800-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 7-ம் எண்ணில் மட்டும் 19 குடும்பங்கள், 104 பேர். கூலிகள், சுமைதூக்குபவர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், வர்ணம் பூசுபவர்கள், தச்சர்கள், ஒரு தபால்காரர், ஒரு தையற்காரர், ஒரு வகுப்பறையை நிரப்பும் அளவுக்குப் பிள்ளைகள். பின்பக்கம் குதிரை லாயமும் பன்றிக் கொட்டிலும். இன்று அந்தத் தெருவில் சரித்திரப் படங்களுக்குப் படப்பிடிப்பு நடத்துகிறார்கள். குடைப் பாவாடையும் குதிரை வண்டியும் வந்து நிற்கின்றன. தபால்காரருக்கும் தையற்காரருக்கும் அங்கே ஒரு வரி கிடையாது.

பெயர்களுக்கு எங்கே போவது என்று கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன். தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 கணக்கெடுப்புத் தாள்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அதற்கு முந்தியவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. சிலவற்றை அரசே கூழாக்கியது, சில 1922-ல் உள்நாட்டுப் போரில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் எரிந்தபோது சாம்பலாயின. அதனால் வீடுகள் பிரபு கையிலிருந்து கூலிக்காரன் கைக்கு மாறிய காலத்துக்கு வீடு வீடான கணக்கு நம்மிடம் இல்லை. மிஞ்சியிருக்கும் இந்த இரண்டும்தான் அந்த மக்களின் பட்டா மாதிரி.

1911 தாளை ஒரு முறையாவது திறந்து பாருங்கள். ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று கணக்கு. குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பியிருப்பார், எழுதத் தெரியாதவருக்குப் போலீஸ்காரர் எழுதியிருப்பார், இவர் கைநாட்டு வைத்திருப்பார். பெயர், வயது, மதம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவாரா. அந்த ஆண்டு புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்கள். கல்யாணமான பெண்களிடம்: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை? பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இரண்டு எண்கள். வடக்கு நகரத் தெரு எதையாவது எடுத்துக்கொண்டு அந்த இரண்டு கட்டங்களை மட்டும் கீழே கீழே படித்துக்கொண்டே போங்கள். எட்டு, நான்கு என்று வரும். பத்து, ஐந்து என்று வரும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் வரி வந்தால் நமக்கே ஒரு நிம்மதி வருகிறது.

அந்தப் பிள்ளைகள் ஏன் போனார்கள் என்பதில் உங்கள் மன்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கேதான் நான் கொஞ்சம் காரமாகப் பேச வேண்டியிருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை, உங்கள் நாற்காலியில் முன்பு உட்கார்ந்தவர்களைச் சொல்கிறேன். ஹென்ரியட்டா தெருவில் வீடுகளை வாங்கிக் குவித்துக் குடித்தனம் விட்டவர்களில் ஒருவர் ஜோசஃப் மீட், கட்டட ஒப்பந்தக்காரர். அந்த வீடுகளின் பளிங்குக் கணப்புகளைப் பெயர்த்து லண்டனில் விற்றார் என்று சொல்வார்கள். 1890-களின் தொடக்கத்தில் அவர்தான் இந்த நகரத்தின் மேயர்.

1913 செப்டம்பர் 2, சர்ச் தெருவில் இரண்டு ஒண்டுக்குடித்தன வீடுகள் சரிந்தன. ஏழு பேர் இறந்தார்கள். தங்கையைக் காப்பாற்றப் போய் மாட்டிக்கொண்ட பதினேழு வயதுப் பையன் அவர்களில் ஒருவன். தொழிற்சங்கத் தலைவர் லார்கின் தலைமையில், முதலாளிகளின் கதவடைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்த முதல் நாட்கள் அவை, நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. விசாரணை வைத்தார்கள். 1914-ல் வந்த அறிக்கை சொன்னது: ஒண்டுக்குடித்தன வீடுகளில் 87,305 பேர். அவர்களில் 20,108 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஓர் அறைதான். குடியிருக்கவே லாயக்கில்லாத வீடுகள் எத்தனை என்றும் தனியாகக் கணக்குக் கொடுத்தது. கூடவே இன்னொரு சங்கதி: அந்த வீடுகளின் சொந்தக்காரர்களில் மன்ற உறுப்பினர்கள் பலர். சுகாதார விதிகளைக் கவனிக்க வேண்டியவர்கள், விதி மீறிய வீட்டுக்கு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார்கள், அதற்கு வரிச் சலுகையும் பெற்றார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்று எங்கள் பக்கம் சொல்வோம். குடியிருந்தவர்கள் பெயரோடு வீட்டுச் சொந்தக்காரர் பெயரையும் பலகையில் போடுங்கள் என்று கூடுதலாக ஒன்று கேட்கிறேன், அது இதனால்தான்.

ஆங்கிலேயர் போனதும் எல்லாம் மாறியதா? மாறவில்லை. 1963 ஜூன் மாதம், பத்து நாள் இடைவெளியில், போல்டன் தெருவில் ஒரு வீடு விழுந்து வயதான தம்பதி இறந்தார்கள், ஃபீனியன் தெருவில் இன்னொன்று விழுந்து கடைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அதுவரை தூங்கிய மன்றம் அப்புறம் ஒரேயடியாக விழித்துக்கொண்டது. ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டி, நூற்றுக்கணக்கான வீடுகளைக் காலி செய்யவைத்து இடித்தது. பழுதுபார்த்து நிறுத்தியிருக்கக்கூடிய வீடுகளும் அந்த வேகத்தில் போயின. சனங்களை ஊருக்கு வெளியே பாலிமன்னுக்கு அனுப்பினார்கள். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த 1916 எழுச்சிக்காக உயிர்விட்ட ஏழு தலைவர்களின் பெயரில் ஏழு கோபுர அடுக்குமாடிகள். கடையும் வேலையும் ஒழுங்காக வராத இடத்தில் மாடி மட்டும் வந்தது. கடைசிக் கோபுரத்தை 2015-ல் இடித்தார்கள்.

இடிப்பதில் இன்னொரு கணக்கும் இருந்தது. 1965-ல் அரசு மின்சார வாரியம் தன் அலுவலகத்துக்காக லோயர் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 16 வீடுகளைத் தரைமட்டமாக்கியது. ஒரே வரிசையாக நின்ற நீண்ட ஜார்ஜியன் தெருமுகம் அதோடு நடுவில் ஓட்டை விழுந்த பல்வரிசையானது. 1969 முடிவில் ஹியூம் தெருவில் மாணவர்கள் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்து இடிப்பைத் தடுத்தபோது, அன்றைய உள்ளாட்சி அமைச்சர் கெவின் போலண்ட், பாதுகாக்கச் சொல்பவர்களை பட்டம் பெற்ற பிரபுக்கள் கூட்டம் என்கிற பாணியில் ஏளனம் செய்தார். அன்னியன் கட்டியது, போனால் போகட்டும் என்ற மனநிலை அன்று பரவலாக இருந்தது. காலனி ஆட்சியை அனுபவித்த நாட்டிலிருந்து வந்தவன் என்ற முறையில் அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சண்டை போட்ட இரண்டு தரப்புமே அந்த வீடுகளைப் பிரபுக்களின் வீடுகளாகத்தான் பார்த்தது. ஒருவர் அதனால் காப்பாற்றச் சொன்னார், மற்றவர் அதனால் இடிக்கச் சொன்னார். வடக்கே இருந்த வீடுகளில் அப்போதும் சனங்கள் குடியிருந்துகொண்டிருந்தார்கள். செங்கல்லைச் சுமந்ததும், கூரைக்குச் சுதை பிசைந்ததும், நிலவறைச் சமையற்கட்டில் வெந்ததும், பின்னால் அறை அறையாக வாழ்ந்ததும் அந்த அயர்லாந்துக்காரர்கள்தான். எந்தக் கணக்கில் அது அன்னியன் வீடு?

தெற்குப் பக்கச் சதுக்கங்களில் ஒண்டுக்குடித்தனம் குறைவு, அதனால் அங்கே எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நடைபாதையைக் குனிந்து பாருங்கள். வட்டமான இரும்பு மூடிகள், பூவேலையோடு, வார்ப்படச்சாலையின் பெயரோடு. அதுதான் கரி போடும் துளை. கரிக்காரன் வீட்டுக்குள் கால் வைக்காமலே தெருவிலிருந்து மூட்டையைக் கவிழ்ப்பான், கரி நேராக நடைபாதைக்குக் கீழிருக்கும் அறைக்குள் விழும். அங்கிருந்து வாளியில் அள்ளி நான்கு மாடி ஏற்றி, ஒவ்வொரு கணப்பிலும் போட்டு, சாம்பலைத் திரும்ப இறக்குவது ஒரு பெண்ணின் வேலை. அவள் பெயரும் 1911 தாளில் இருக்கிறது, எசமானரின் குடும்பப் பட்டியலுக்குக் கடைசியில், ‘வேலைக்காரி’ என்ற குறிப்போடு, எந்த மாவட்டத்தில் பிறந்தவள் என்பதோடு. புகழ்பெற்றவர்களின் பலகைக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தால் அவளுக்கும் இடம் கிடைக்கும்.

சதுக்கங்களின் நடுவில் இருக்கும் தோட்டங்களுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. அது சாவியின் கதை. செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் ஒரு காலத்தில் ஆடுமாடு மேய்ந்த பொதுநிலம். 17-ம் நூற்றாண்டில் மன்றம் அதைச் சுற்றி மனைகளாகப் பிரித்து விற்றது. 1814-ல் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் கைக்குப் போனது, பணம் கட்டிச் சாவி வாங்கியவர்கள் மட்டும் உள்ளே போகலாம். மது ஆலைக் குடும்பத்து ஆர்தர் கின்னஸ் பணம் போட்டு 1880-ல் எல்லாருக்கும் திறந்துவிட்டார். 1916 எழுச்சியில் அதே இடத்தில் தொழிலாளர் படை பதுங்குகுழி வெட்டியது. பூங்காக் காவலர் வாத்துகளுக்குத் தீனி போடுவதற்காக இரு தரப்பும் சுடுவதை நிறுத்தின என்ற கதையை டப்ளின்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மெரியன் சதுக்கத் தோட்டத்தை 1930-ல் கத்தோலிக்கத் திருச்சபை பேராலயம் கட்ட வாங்கியது. பேராலயம் வரவில்லை, 1974-ல் பேராயர் டெர்மட் ரயன் அதை நகரத்துக்கு ஒப்படைத்தார், தோட்டத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். சிறுவர்களிடம் பாதிரிமார்கள் நடத்திய கொடுமைகளைத் திருச்சபை மூடிமறைத்தது பற்றிய மர்ஃபி அறிக்கை 2009-ல் வந்ததும், 2010-ல் அந்தப் பெயரை எடுத்தது உங்கள் மன்றம்தான். பலகையில் எழுதியிருப்பதை மாற்றலாம் என்பதற்கு உங்கள் முன்னுதாரணமே போதும். ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத் தோட்டம் இன்றைக்கும் சாவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். கம்பி வேலிக்கு வெளியே நின்று புல்லை எட்டிப் பார்க்கலாம். அங்கே என்ன எழுதுவது என்று உங்களுக்கே விடுகிறேன்.

இன்னொரு முன்னுதாரணமும் உங்களுடையது. லூக் கார்டினரின் பேரனான மவுன்ட்ஜாய் பிரபுவின் மனைவி எலிசபெத் மான்ட்கோமரி, பெயர் பெற்ற அழகி. அவர் குடும்பப் பெயரில் ஒரு தெரு. நூறாண்டில் அந்தத் தெருவும் சுற்றுப்புறமும் மான்ட்டோ என்ற பெயரில் பாலியல் தொழிலுக்குப் பேர்போன பகுதியானது. அங்கே மாட்டிக்கொண்ட பெண்களும் ‘கெட்டுப்போனவர்கள்’ என்று குடும்பம் கைகழுவிய பெண்களும் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, பக்கத்தில் ஷான் மெக்டர்மட் தெருவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மக்தலீன் சலவைக்கூடம். கூலியில்லாமல் துவைத்தார்கள், பூட்டிய கதவுக்குள் துவைத்தார்கள். அது மூடியது 1996-ல். அந்த இடத்தை ஒரு ஹோட்டல் நிறுவனத்துக்கு விற்கும் திட்டம் வந்தபோது 2018-ல் உங்கள் உறுப்பினர்கள் வாக்களித்துத் தடுத்தீர்கள். இப்போது நினைவு மையமாகப் போகிறது. அன்று கையைத் தூக்கியவர்களுக்கு இந்த மடலின் கோரிக்கை புரியாமல் போகாது.

எதிர்ப்பு வரும், தெரியும். வீட்டு மதிப்பு குறையும் என்பார்கள் சொந்தக்காரர்கள். அழகான முகப்பைப் பெயர்ப் பட்டியல் கெடுக்கும் என்பார்கள் பாதுகாப்பு ஆர்வலர்கள். நூறு பேர் பெயருக்குக் கதவுப் பக்கம் இடமில்லைதான். வீட்டில் குடும்ப எண்ணிக்கையையும் ஆள் எண்ணிக்கையையும் போட்டு, தெருமுனையில் முழுப்பட்டியல் வைக்கலாம். இடித்துவிட்டு முகப்பை மட்டும் பழைய மாதிரி திரும்பக் கட்டிய வீடுகள் மவுன்ட்ஜாய் சதுக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் வைக்கச் சொந்தக்காரர்களிடம் பேசுவது சுலபம், கெட்டுப்போக அசல் செங்கல்லே கிடையாது.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், இதே மாதிரி ஒரு ஜார்ஜியன் வீட்டின் முன்னறையில் தங்கினேன். பெரிய அறை. அதன் நடுவே பலகைத் தடுப்புப் போட்டு இரண்டாக்கியிருந்தார் வீட்டுக்காரர். கூரையின் சுதைப்பூவில் பாதி என் பக்கம், மீதிப் பாதி தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பிரேசில்காரப் பையன்கள் பக்கம். தனிக் கழிப்பறை இல்லாத அறைகளை வாடகைக்கு விடக் கூடாது என்று 2013-லேயே விதி வந்துவிட்டது. எங்கள் மாடியில் அந்த விதி ஏறி வரவில்லை. வாடகை மட்டும் மாதா மாதம் தவறாமல் ஏறி வந்தது. வீடுகளை யார் பிரிக்கிறார்கள், யார் உள்ளே நெருங்கிக் கிடக்கிறார்கள், யார் கண்டும் காணாமல் இருக்கிறார்கள் என்பதற்கு இந்த நகரத்தில் நீண்ட பதிவு இருக்கிறது. வாசலில் அது எழுதியிருந்தால், உள்ளே போகும் உங்கள் ஆய்வாளரும் ஒரு முறை படித்துவிட்டுத்தான் போவார்.

ஹென்ரியட்டா தெருவிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. அங்கே ஏற்கெனவே ஆட்கள் வருகிறார்கள், ஆய்வும் பாதி முடிந்திருக்கிறது. முதல் பலகை 7-ம் எண்ணுக்கு: 1911 ஏப்ரல் 2 இரவு, 19 குடும்பங்கள், 104 பேர். கீழே பெயர்கள், தொழில்கள், வீட்டுச் சொந்தக்காரர். அடுத்தது மவுன்ட்ஜாய் சதுக்கமும் கார்டினர் தெருவும். கணக்கெடுப்புத் தாள்களிலிருந்து பெயர்களைப் பிரதியெடுத்துச் சரிபார்க்க ஆள் வேண்டியிருக்கும். அந்தக் கையெழுத்துக்குக் கண் பழகக் கொஞ்ச நாள் ஆகும், எனக்கு ஓரளவு பழகிவிட்டது. சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். இதைப் படிக்கும் தமிழர்கள் இன்னும் சிலரையும் கூட்டி வர முடியும். மன்றத்தின் அடுத்த பாரம்பரியத் திட்ட வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது இந்தக் கோரிக்கையை எழுத்துமூலம் மறுபடி தருவேன். அதற்கு முன்பே பதில் வந்தால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
வடக்கு டப்ளின் வாக்காளர் ஒருவர்